சாம்பார் சப்பென்று ஆகாமல் உப்பைக் குறைப்பது எப்படி

"உப்பைக் குறைச்சுக்கோங்க" என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். எதில் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்றெல்லாம் கேட்க நேரமிருக்காது. வீட்டுக்கு வந்ததும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: பிரஷர் இருக்கிறவருக்கு மட்டும் உப்பு போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் குழம்பைத் தனியாக எடுத்து வைப்பார்கள், அவரும் இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவார், அப்புறம் ஊறுகாய் பாட்டில் பக்கம் கை போகும். குழம்பில் விட்டதையெல்லாம் ஊறுகாயில் பிடித்துவிடுவார்.

இந்தத் தனிக்கிண்ண வைத்தியம் வேண்டாம். உப்பைக் குறைப்பதென்றால் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துக் குறைக்க வேண்டும், மெதுவாகக் குறைக்க வேண்டும், குழம்புச் சட்டியில் கை வைப்பதற்கு முன்னால் தட்டின் ஓரத்தில் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வரிசை மாறினால் சாப்பாடு சப்பென்று ஆகி, ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

வீட்டில் இப்போது எவ்வளவு உப்பு போகிறது என்று தெரிந்துகொள்ள உப்புப் பாக்கெட்டே போதும். புதுப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன் மேல் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சமையலில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, பிஸ்கட்டில் இருப்பது எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான், ஏறக்குறைய தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். உங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் காலியாகிறது என்றால் ஆளுக்கு நாளைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது, கடையில் வாங்கும் மிக்சரும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. மீன் கழுவ, காலிஃபிளவரைச் சுடுதண்ணீரில் போட்டு எடுக்க என்று கொஞ்சம் சாக்கடைக்கும் போகும்தான், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு அளவு இன்னும் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, கைக்கணக்கை நிறுத்துவது. இது பலருக்குக் கோபம் வரவழைக்கும் யோசனை என்று தெரியும், முப்பது வருடமாகக் கண்ணளவில் சமைக்கிறவரிடம் போய் ஸ்பூனைக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும். ஆனாலும் கையால் அள்ளும்போது நேற்று அள்ளியதும் இன்று அள்ளியதும் ஒன்றாக இருக்காது, அளவு தெரியாததைக் குறைக்கவும் முடியாது. சில நூறு ரூபாய்க்குச் சமையலறைத் தராசு கிடைக்கிறது, அது இருந்தால் வேலை சுலபம். உங்கள் உப்பு ஜாடியில் கிடக்கும் ஸ்பூனால் தலைதட்டிப் பத்து ஸ்பூன் எடுத்து எடை போட்டுப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஸ்பூனின் எடை தெரிந்துவிடும். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் கல்லுக்குக் கல் நடுவே இடைவெளி இருப்பதால் கல் உப்பு ஒரு ஸ்பூன் பெரும்பாலும் தூள் உப்பு ஒரு ஸ்பூனைவிட எடை குறைவாகத்தான் நிற்கும். கல் உப்பிலிருந்து திடீரென்று தூளுக்கு மாறிய வீடுகளில் ஒரு வாரத்துக்குக் குழம்பு கரிப்பது இதனால்தான்.

தினமும் காலையில் அன்றைக்கான உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். ஜாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். அன்று என்ன சமைத்தாலும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான். முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம், வழக்கமாக எவ்வளவு போகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் இது. ராத்திரி கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எடை போட்டால் விடை வந்துவிடும். இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை, பெரியவர்கள் யாரும் சமையலறைக்கு வந்து சத்தமில்லாமல் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனாலும் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது தட்டின் ஓரம். எலுமிச்சை, மாவடு, ஆவக்காய் எதுவானாலும் ஊறுகாய் கெடாமல் நிற்பதே உப்பால்தான். பழத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பு போடுவோம், வெயில் சரியாகக் கிடைக்காத வீடுகளில் இன்னும் கூடும். ஒரு ஸ்பூன் ஊறுகாயை 15 கிராம் என்று வைத்தாலே அதில் ஒன்றரை கிராம் உப்பு, ஒரு நாள் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஒரே வேளையில் தயிர் சாதத்தோடு போய்விடுகிறது. அப்பளத்தில் உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரமும் சோடியம்தான். மோர் மிளகாயை உப்பு மோரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுக் காயவைக்கிறோம். கூழ்வடாம், வெங்காய வடகம், கருவாடு எல்லாவற்றுக்கும் இதே கதை. இவற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வேண்டுகிறவர் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டாலே பாதி குறையும். பெரிய ஸ்பூனை எடுத்துவிட்டு ஐஸ்கிரீம் குச்சி அளவுக்கு ஒரு சின்னக் கரண்டி போடுங்கள். அப்பளமும் ஊறுகாயும் ஒரே வேளையில் வேண்டாம், ஏதாவது ஒன்று.

ஊறுகாய்க்குப் பதிலாக அன்றன்றைக்குச் செய்கிற மாங்காய்ப் பச்சடியோ, அரிந்த மாங்காயில் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் போட்டுக் கடுகு தாளித்துக் கொட்டியதோ இருந்தால் அதை ஒரு கை அதிகமாகவே சாப்பிடலாம். மாசக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அதற்குப் பேருக்கு ஒரு சிட்டிகை உப்பு போதும். இஞ்சியை மெல்லிசாக நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு வையுங்கள், ஒரு மணி நேரத்தில் லேசாகச் சிவந்து வரும், தயிர் சாதத்துக்கு அதுவே போதும். சுட்ட அப்பளமும் பொரித்த அப்பளமும் உப்பில் ஒன்றுதான், எண்ணெய்தான் மிச்சம்.

இதை ஒரு பதினைந்து நாள் செய்த பிறகு சட்டிக்கு வாருங்கள். கிண்ணத்தில் 30 கிராம் போகிற வீடு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 3 கிராம் குறையுங்கள், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் எடுக்கும், பழகிவிட்டால் பழைய அளவு கரிக்கும். மிக முக்கியமாக, குறைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்ன அன்றைக்கே, குறைக்காமலிருந்தாலும்கூட, "உப்பே இல்லையே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் ஆமாம் போடுவார்.

சாம்பாரில் உப்பு கூடுவதற்குக் காரணம் அதை நாலு தடவையாகப் போடுவது. பருப்பு வேகும்போது கொஞ்சம், காய் வேகும்போது கொஞ்சம், புளி ஊற்றியதும் கொஞ்சம், கடைசியில் கொதிக்கிற குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து இன்னும் கொஞ்சம். பருப்புக்கு உப்பே வேண்டாம். முருங்கைக்காய், கத்திரிக்காய், முள்ளங்கி மாதிரி காய்களுக்குள் உப்பு ஏறவில்லையென்றால் கடிக்கும்போது சப்பென்று தெரியும், அதனால் அன்றைய சாம்பாருக்கென்று ஒதுக்கியதில் பாதியைக் காயோடு போட்டுவிட்டு மீதியைப் பருப்பு சேர்த்துக் கொதி வந்து, அளவுக்குச் சுண்டிய பிறகு போடுங்கள். முன்பே முழுசாகப் போட்டால் சுண்டச் சுண்ட உப்பு ஏறும், நீங்கள் தண்ணீர் விடுவீர்கள், தண்ணீர் விட்டதால் மறுபடி உப்பு. நாலு பேருக்கு ஒரு லிட்டர் சாம்பார் என்றால் 7, 8 கிராமில் நன்றாகவே இருக்கும், ஆளுக்கு 2 கிராம். அதை 6-க்குக் கொண்டுவருவது கஷ்டமில்லை, புளியும் மணமும் சரியாக இருந்தால்.

மணம் என்று சொல்வது வெறும் ஆறுதலுக்காக இல்லை. புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நாக்கு அந்த அளவு உப்பைத் தேடாது. புளி, எலுமிச்சை, தக்காளி, மாங்காய், புளித்த தயிர் இதெல்லாம் நம் சமையலில் ஏற்கனவே இருக்கிறது, வெளியிலிருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. கொத்தமல்லி விதை, மிளகாய், கொஞ்சம் வெந்தயம், தேங்காய் வறுத்து அன்றைக்கு அரைத்து விட்ட சாம்பாரில் உப்பு குறைந்தது தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். ஆறு மாதம் டப்பாவில் கிடந்து மணம் போன பொடியில் செய்தால் அதை உப்பைப் போட்டுத்தான் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். கடையில் வாங்கும் பொடி என்றால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் உப்பு சேர்த்தே வருகிறது.

ரசம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தண்ணியாக இருப்பதால் உப்பு குறைந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மிளகும் சீரகமும் அப்போதே தட்டிப் போட்டு, பூண்டை நசுக்கி, நுரை கட்டி வரும்போது இறக்கி, நெய்யில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டி மூடி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். எலுமிச்சை ரசமும் மிளகு ரசமும் குறைந்த உப்பைத் தாங்கும், பருப்பு ரசம் அவ்வளவு தாங்காது. ரசத்தில் உப்பைக் குறைப்பதைவிட அதை டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற பழக்கத்தைக் குறைப்பது லாபம் என்பது என் கணிப்பு, ஒரு டம்ளர் ரசத்தில் ஒன்றரை கிராம் உப்பு சாதாரணமாக இருக்கும்.

பொரியலுக்கு உப்பை வேகவைக்கிற தண்ணீரில் போடாதீர்கள். இறக்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் தூள் உப்பை மேலாகத் தூவிப் பிரட்டினால் காயின் வெளிப்பக்கத்திலேயே நிற்கும், நாக்கில் அதுதான் முதலில் படும், குறைவாகப் போட்டாலும் தெரியாது. வெண்டைக்காய்க்கு எப்படியும் கடைசியில்தான் போடுவோம், அதையே உருளைக்கிழங்கு வறுவலுக்கும் வாழைக்காய்க்கும் செய்யுங்கள். கீரையை மட்டும் வதங்கிய பிறகே உப்பு போடுங்கள், சட்டி நிறையக் கிடக்கும் பச்சைக் கீரையைப் பார்த்துப் போட்டால் வெந்து ஒரு பிடியாகும்போது வாயில் வைக்க முடியாது. துருவிய தேங்காய் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது.

இட்லி, தோசையில் மாவுக்கு ஒரு உப்பு, சட்னிக்கு ஒரு உப்பு, சாம்பாருக்கு ஒரு உப்பு, பொடிக்கு ஒரு உப்பு. மாவில் வழக்கத்தில் பாதி போட்டால் போதும், எப்படியும் தோசையை வெறுமனே யாரும் சாப்பிடுவதில்லை. உப்பு போடாவிட்டால் மாவு பொங்காது என்பார்கள், பொங்கும், உப்பு புளிப்பதை மெதுவாக்கத்தான் செய்யும், அதனால்தான் சித்திரை வெயிலில் உப்பில்லாத மாவு சீக்கிரம் புளித்துப் போகிறது. புளித்தவுடன் பிரிட்ஜில் வைத்துவிட்டு, எடுக்கிற மாவுக்கு மட்டும் உப்பு போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். கடை மாவு வாங்குகிறவர்கள் உப்பு போடாத மாவு கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் தருகிறார்கள். இட்லிப் பொடியை வீட்டில் அரையுங்கள், எள்ளும் பெருங்காயமும் நன்றாக வறுபட்டிருந்தால் உப்பு சிட்டிகைக் கணக்கில் நின்றுவிடும். சப்பாத்தி மாவுக்கு உப்பே தேவையில்லை, நம்புங்கள்.

தயிர் சாதத்துக்கும் மோருக்கும் வருகிறேன். தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருந்தால் சாதத்தில் உப்பு வேண்டாம், சாதத்தில் உப்பு இருந்தால் ஊறுகாய் வேண்டாம், இந்த ஒரு விதி போதும். நீர்மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கிடைத்தால் நார்த்தை இலை, இவற்றைத் தட்டிப் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டு வடிகட்டினால் உப்பு இல்லாமலே குடிக்கலாம்.

வத்தக்குழம்பில் கவனம் தேவை. சுண்டை வத்தலும் மணத்தக்காளி வத்தலும் உப்பு மோரில் ஊறிக் காய்ந்து வந்தவை, கொதிக்கக் கொதிக்க உப்பை விடும். வத்தலை முதலில் போட்டுக் கொதிக்கவிட்டுச் சுவைத்துப் பார்த்த பிறகு வேண்டுமானால் உப்பு. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள், குழம்புக்குத் தனியாக உப்பு போட வேண்டிய அவசியமே பல நேரம் வராது. நெத்திலிக் கருவாடு சின்னதாக இருப்பதால் சீக்கிரம் உப்பு இறங்கும், பெரிய மீனுக்கு நேரம் பிடிக்கும்.

குழம்பில் உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கு போடுங்கள், உறிஞ்சிக்கொள்ளும் என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற யோசனை. உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடிப்பிடித்து உறிஞ்சாது, உப்புக் குழம்பை அப்படியே இழுத்துக்கொள்ளும், மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். குழம்பைக் கூட்டுவதுதான் வழி: வெந்த பருப்பு, தேங்காய்ப் பால், இன்னும் கொஞ்சம் புளித்தண்ணீர். கூட்டியதை அன்றைக்கே தீர்க்க வேண்டாம், ராத்திரிக்கும் வையுங்கள்.

கடைப் பொருட்களில் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராம் மிக்சரில் சோடியம் 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் உப்பு 2 கிராம், டிவி பார்த்துக்கொண்டே அந்தப் பாக்கெட்டை முடித்துவிட்டால் அன்றைய பங்கில் ஐந்தில் இரண்டு போய்விட்டது. அளவு 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள், பரிமாறல் என்பது பல பாக்கெட்டில் யாரும் நிறுத்தாத ஒரு சின்ன அளவாக இருக்கும். பிரெட், சாஸ், சோயா சாஸ், சீஸ், உப்பு வெண்ணெய், இனிப்பு பிஸ்கட் எல்லாவற்றிலும் சோடியம் உண்டு. நூடுல்ஸ் மசாலாப் பொட்டலத்தில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காய்கறி கூடப் போடுங்கள். மெரினாவில் மாங்காய்ப் பத்தை வாங்கும்போது "மிளகாய்த்தூள் மட்டும்" என்று சொன்னால் கேட்பார்கள், வெள்ளரிக்காய்க்கும் அப்படியே.

இந்துப்பு வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு, கல் உப்பு, தூள் உப்பு எல்லாமே பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான், எடைக்கு எடை வித்தியாசம் சொற்பம். நிறம் கொடுக்கும் தாதுக்கள் உடம்புக்கு உதவுகிற அளவில் இல்லை, இந்துப்பில் அயோடினும் பெரும்பாலும் இருக்காது. குறைவாகப் போடுகிற உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும்.

உண்மையில் சோடியம் குறைந்த உப்பு வேறு ஒன்று இருக்கிறது, சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவின் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள முதியவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக வந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்கள் இந்த வகை உப்புக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடக் கூடாது, பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். பிரஷர் மாத்திரைகளில் சில அந்த வகைதான் என்பதால் வீட்டில் ஒருவர் மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பை வாங்காதீர்கள். லேசாகக் கசப்புத் தட்டும், புளிக்குழம்பில் தெரியாது, பாலில் செய்கிறவற்றில் தெரியும்.

குறைப்பதிலும் ஒரு எல்லை உண்டு. நீர் பிரிய மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள் உப்பை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம், அது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய விஷயம். பேதியாகும்போது ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பு இருக்கிறதே என்று யோசிக்கவே கூடாது. வெயிலில் உடலுழைப்பு வேலை செய்கிறவர்களும் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. உப்பு குறைந்ததும் பிரஷர் இறங்கியிருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அளவை மாற்றுவது டாக்டர் வேலை.

கல்யாண வீட்டுப் பந்திதான் கடைசித் தொல்லை. இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைத்துவிடுவார்கள், அதைத் தொடாமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் இலை மேல் கையை நீட்டி மறைத்துக்கொள்ளுங்கள், வாயால் வேண்டாம் என்று சொன்னால் வைத்துவிட்டுத்தான் போவார்கள். சாம்பார் சாதம், வத்தக்குழம்பு சாதம், ரசம் சாதம் மூன்றையும் சாப்பிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்றில்லை, ஒன்றை விட்டுவிட்டு மோருக்குப் போய்விடலாம், அவியலும் கூட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் வீட்டில் கிண்ணத்து அளவு எப்போதும்போல், நேற்றைக்கு ஈடுகட்டுகிறேன் என்று உப்பில்லாக் கஞ்சி வைக்க வேண்டாம், வைத்தால் சாயங்காலமே பஜ்ஜிக் கடையில் நிற்பீர்கள்.